அவஸ்தை வாங்கிப் பிழைத்தவள்

கரும்பலகையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் கனத்தது. அதுதான் முதல் அறிகுறி என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு சாக்பீஸ் என்ன கனம் கனக்கும்? கையைத் தூக்கினால் தோள்பட்டை வரைக்கும் வலித்தது. வெளியே பங்குனி வெயில் கொளுத்துகிறது, எனக்கு மட்டும் முதுகில் சில்லென்று ஓடுகிறது. வெயில் தாக்கியிருக்கும் என்று நினைத்து வீட்டுக்குப் போய் மோர் குடித்தேன். மறுநாளும் பள்ளிக்கூடம் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். லீவு போட்டால் தலைமைக் கன்னியாஸ்திரீக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்போது எனக்குக் காய்ச்சலைவிட அவர்களிடம்தான் பயம் அதிகம்.

அது தபசுகாலம் (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு). எங்கள் வீட்டில் எல்லாரும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) இருப்போம். அதனால் தலைவலி, வாய்க்கசப்பு, கால் ஓய்ச்சல் எல்லாவற்றையும் நாங்கள் தவத்தின் கணக்கில் எழுதிவிட்டோம். “ஒருசந்தின்னா அப்படித்தான் இருக்கும் லூர்து. ஆண்டவருக்கு ஒப்புக்கொடு” என்றார் என் நாத்தனார் ஞானம்மா. நானும் ஒப்புக்கொடுத்தேன். ஒப்புக்கொடுக்க ஒப்புக்கொடுக்கக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

எங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. நாங்கள் சாந்தோமில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம். என் கணவர் அந்தோணி துறைமுகத்தில் குமாஸ்தா. அவருடைய அக்கா ஞானம்மா சின்ன வயதிலேயே விதவையாகி எங்களோடு இருக்கிறவர்; நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் மகள் ரீட்டாவுக்கு அப்போது பல் முளைக்கிற பருவம், பால் மறக்கவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் ரயிலேறிச் சொந்த ஊருக்கு ஓடிவிட்டார்கள். எங்களுக்கு ஓட ஊர் இல்லை. போர்த்துகீசியர் காலத்திலிருந்து சாந்தோம்தான் எங்களுக்கு ஊர்.

முதலில் மலேரியா என்று சொல்லிக் கொய்னா மாத்திரை கொடுத்தார்கள். காது இரைந்தது, காய்ச்சல் குறையவில்லை. பிறகுதான் மயிலாப்பூர் குளத்தங்கரையிலிருந்து டாக்டர் சேஷு ஐயரை என் கணவர் கூட்டிவந்தார். அவர் என் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தபோது அது டைபாய்டு (குடலில் புண் உண்டாக்கும் விஷக்காய்ச்சல்) என்றார்.

“இதுக்கு நேர் மருந்துன்னு ஒண்ணும் கிடையாதும்மா. காய்ச்சல் அதும்பாட்டுக்கு ஏறி, அதும்பாட்டுக்கு எறங்கணும். நாம பண்ண வேண்டியது ஒண்ணுதான், அது எறங்கற வரைக்கும் நீங்க தாங்கணும். பார்லித் தண்ணி, மோர்த் தண்ணி, அவ்வளவுதான். ஒரு பருக்கை சாதம் உள்ள போகப்படாது. குடல் காகிதமா இருக்கு இப்போ” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தாமலே இன்னொன்றும் சொன்னார். “குழந்தையை இந்த ஆத்துல வெச்சுக்காதீங்கோ.”

இதைப் படிக்கிறவர்களில் யாராவது வீட்டில் இப்படிப்பட்ட காய்ச்சலோடு படுத்திருந்தால், அல்லது படுத்திருக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வியாதியைவிடப் பெரிதாக ஒன்று அந்த அறைக்குள் நுழையும். பயம். எனக்கு வந்த பயத்தை நான் மறைக்கப் போவதில்லை.

ரீட்டாவை என் தங்கை பிலோமினா மந்தைவெளிக்குத் தூக்கிப் போனாள். அழுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு குழந்தையின் சத்தமே வீட்டில் இல்லை. பால் கட்டி மார்பு கல்லாகியது. அண்ணி வேப்பிலையை அரைத்துப் பூசிக் கட்டினார். நாலைந்து நாளில் பால் வற்றியது. அது வற்றியதை உணர்ந்தபோது, குழந்தைக்கு இனி நான் தேவையில்லை என்று யாரோ முடிவு செய்துவிட்டது போலத் தோன்றி அழுதேன்.

“ரீட்டா எப்படி இருக்கா அண்ணி?”

“நல்லாத்தான் இருக்கு. நீ கண்ண மூடு.”

இந்தப் பதிலைச் சொல்லும்போது அண்ணி என் முகத்தைப் பார்க்க மாட்டார். ஈரத் துணியைப் பிழிந்துகொண்டோ ஜன்னலைச் சாத்திக்கொண்டோதான் சொல்வார். என் கணவரைக் கேட்டால், “நல்லா இருக்கா லூர்து, நேத்துகூடப் பாத்துட்டு வந்தேன்” என்பார். என்ன செய்தாள், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் விழிப்பார். வாசல் வரைக்குமாவது தூக்கிவந்து காட்டச் சொன்னேன். டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்றார்கள். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றாரே தவிர, வாசலில் காட்டக் கூடாது என்று டாக்டர் எங்கே சொன்னார்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். குழந்தை செத்துவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். என் காய்ச்சல் பால் வழியாக அதற்குப் போயிருக்கும். வீட்டில் யார் மூக்கைச் சிந்தினாலும் அதற்காக அழுதுவிட்டு வருகிறார்கள் என்று நினைத்தேன்.

ஜெபத்தைப் பற்றிச் சொல்கிறேன். சாயந்திரமானால் அண்ணியும் என் கணவரும் கட்டில் தலைமாட்டில் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்வார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் வருவார்கள். ஞானஸ்நானம் வாங்கின நாள் முதல் கேட்டுவந்த ஜெபம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தக் கட்டிலில் எனக்கு வரவில்லை. முதல் இரண்டு வார்த்தை வரும். மூன்றாவது எது என்று தேடுவதற்குள் அவர்கள் அடுத்த மணிக்குப் போய்விடுவார்கள். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வந்த ஜெபமும் பேரம்தான். என்னை எடுத்துக்கொள், குழந்தையை விடு என்பேன். அடுத்த நிமிஷமே, ஐயையோ, எடுத்துக்கொள்ளென்று சொல்லிவிட்டேனே, கேட்டிருப்பாரோ என்று நடுங்குவேன். இதற்கா ஜெபம் என்று பெயர்? இத்தனை வருஷம் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு நம்பிக்கையோடு கேளுங்கள் என்று கற்றுக்கொடுத்தவள் நான்.

மூன்றாம் வாரத்தில் ஜன்னி (காய்ச்சல் மூளைக்கு ஏறிப் பிதற்றும் நிலை) கண்டது. போர்வையிலிருந்து நூலைப் பிடுங்கிக்கொண்டே இருந்தேனாம். தெளிவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு நாள் தெளிவாக இருந்த வேளையில் டாக்டர் வந்தார். நாடி பார்த்துவிட்டு வாசற்படியில் நின்று என் கணவரோடு பேசியது எனக்குக் கேட்டது.

“உங்க சாமியார்கிட்டச் சொல்லி, வந்து ஒரு பிரார்த்தனை பண்ணச் சொல்லுங்கோ.”

அதற்கு மேலும் அவர் என்னவோ சொன்னார். ஆனால் என் கணவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் டாக்டர் வாயிலிருந்து சாமியார் என்ற சொல் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: என்னால் ஆனது முடிந்தது. பிறகு அவஸ்தைப்பூசுதல் (சாகக் கிடக்கிறவர்களுக்கு சாமியார் எண்ணெய் பூசிச் செய்யும் சடங்கு). அது வாங்கினவர்கள் பிழைத்து நான் பார்த்ததில்லை. என் அப்பா வாங்கினார், அன்றைக்கே போனார். என் பெரியம்மா வாங்கினார், மறுநாள் போனார். அதனால்தான் எங்கள் ஜனங்கள் கடைசி மூச்சு இழுக்கும் வரைக்கும் சாமியாரைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் சாவைக் கூப்பிட்டது போல.

மறுநாள் காலையில் அண்ணி என் அறைக்கு ஒரு சின்ன மேஜையைத் தூக்கிவந்தார். வெள்ளைத் துணி விரித்தார். பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறைந்த இயேசுவின் உருவம்), இரண்டு மெழுகுவர்த்தி, தீர்த்தம், ஒரு தட்டில் பஞ்சு உருண்டைகள். என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? அந்த மேஜையை நானே எத்தனை வீட்டில் தயார் செய்து கொடுத்திருக்கிறேன். பஞ்சை உருட்டுவது எப்படி என்று அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

தெருவில் மணிச் சத்தம் வந்தது. உபதேசியார் முன்னால் மணி அடித்துக்கொண்டு வர, சாமியார் நற்கருணையை (மந்திரித்த அப்பம்) நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். போகிறவர் வருகிறவரெல்லாம் தெருவில் முழங்கால் போடுவார்கள். மணி நெருங்க நெருங்க, அடுத்த வீட்டுக்குப் போகட்டும், எதிர்வீட்டில் நிற்கட்டும் என்று வேண்டினேன். அன்றைக்கு எனக்கு ஒழுங்காக வந்த ஒரே ஜெபம் அதுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகக்கூட இல்லை, அவ்வளவு பயம். மணி எங்கள் வாசலில் நின்றது.

சாமியார் நீண்ட தாடிக்காரர். உள்ளே வந்து, பாவசங்கீர்த்தனம் கேட்க எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் காதை என் வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தார். எனக்குப் பாவம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

“சாமி, என் குழந்தை செத்துப்போச்சா?” என்றேன்.

“யார் சொன்னா அப்படி?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் கேக்குறேன்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “முந்தாநேத்து உன் தங்கச்சி கோயிலுக்குத் தூக்கிட்டு வந்தா. மேல் பல்லு ரெண்டு வெளிய வந்திருக்கு. என் தாடியப் புடிச்சு இழுத்து, வுடமாட்டேன்னு ஒரே ரகளை. இதோ பாரு” என்று தாடையைத் தடவிக் காட்டினார்.

கழுத்தில் ஸ்தோலாவோடு (பூசைத் துண்டு), நற்கருணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சாமியார் பொய் சொல்ல மாட்டார். அதுவும் மேல் பல் என்றார். கீழ்ப் பல் முளைத்தது அவள் என்னோடு இருக்கும்போது. மேல் பல்லை நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாத ஒரு பல்லை யாரும் எனக்கு ஆறுதலுக்காக முளைக்கவைக்க முடியாது. நெஞ்சில் என்னவோ கழன்று விழுந்தது. அழுதேன். அழ அழ, சின்னச் சின்னப் பாவமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது, சொன்னேன்.

கதவைத் திறந்ததும் எல்லாரும் உள்ளே வந்து முழங்காலிட்டார்கள். சாமியார் கட்டைவிரலில் எண்ணெய் தொட்டு, லத்தீனில் சொல்லிக்கொண்டே கண்ணிமை, காது, மூக்கு, உதடு, உள்ளங்கை, பாதம் என்று சிலுவை அடையாளம் போட்டார். எண்ணெய் குளிர்ச்சியாக இருந்தது. பிறகு பிரார்த்தனை. நேற்றுவரை சுற்றி நின்றவர்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றுதான் சொல்லிவந்தார்கள். அன்றைக்கு இவளுக்காக வேண்டிக்கொள்ளும் என்றார்கள். என் புருஷனின் குரலும் அதில் இருந்தது. அவர்கள் எல்லாரும் கரையிலும் நான் மட்டும் தண்ணீரிலும் இருப்பது போலப் பயமாக இருந்தது. ஆனால் கேட்டுக்கொண்டே கிடக்கையில் வேறொன்றும் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை, ஜெபம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது வார்த்தையை நான் தேட வேண்டியதில்லை. இத்தனை பேர் எனக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். தூக்கிக்கொண்டு போகிறவர்கள் தோளில் கிடப்பது போலக் கிடந்தேன்.

போகும்போது சாமியார் அண்ணியைப் பார்த்துச் சற்றுக் கடுப்பாகவே சொன்னார். “இந்த எண்ணெய் பூசி நாங்க மொதல்ல கேக்குறது இவ எழுந்து நடக்கணும்னுதான். அதுவும் அந்த லத்தீன்லயே இருக்கு. நீங்கதான் நாக்கு இழுத்தப்புறம் ஆள் அனுப்புறீங்க. அப்புறம் எண்ணெய் மேல பழி போடுறீங்க.”

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். நான் தூங்கிவிட்டேன். நூல் பிடுங்காமல், பிதற்றாமல், அன்றைக்குப் பகல் முழுக்கத் தூங்கினேன் என்று சொன்னார்கள்.

மறுநாள் டாக்டர் வந்தபோது வீடு நிறைய உறவுக்காரர்கள். வேப்பேரியிலிருந்து என் சித்தப்பா வந்திருந்தார். பரங்கிமலை அத்தை கறுப்புச் சேலையோடு வந்து சமையலறையில் உட்கார்ந்து ஏற்கெனவே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு கிடுகிடுவென்று உள்ளே வந்து, என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மூச்சு விட்டார்.

“என்ன இது? யார் போயிட்டான்னு இத்தனை பேர் வந்திருக்கா?”

“நீங்கதானே சார் சாமியாரைக் கூப்பிடச் சொன்னீங்க” என்றார் என் கணவர்.

“ஆமாம் சொன்னேன். பயம்தான் இந்தப் பொண்ணைத் தின்னுண்டிருக்கு, அவா சாமியார் வந்து ரெண்டு வார்த்தை சொன்னா தைரியம் வரும்னு சொன்னேன். நான் கைவிட்டுட்டேன்னு எப்போ சொன்னேன்? குடல்ல ஓட்டை விழல, ரத்தம் போகல, நாடி தாங்கறது. நீங்க என்னடான்னா ஊரைக் கூட்டி வெச்சிருக்கேள்.”

என் சித்தப்பா மெதுவாகச் செருப்பைத் தேடினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வயிற்றில் பலம் இல்லாததால் கண்ணில் தண்ணீராக வந்தது. அதைப் பார்த்து அத்தை, “போவுது, போவுது” என்று அலறினார். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அன்றிலிருந்து காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. ஜெபத்தால் இறங்கியதா, இறங்க வேண்டிய வாரம் வந்ததால் இறங்கியதா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. டாக்டரைக் கேட்டேன். “எனக்குத் தெரியாதும்மா. நீங்க தூங்கினேள், அது எனக்குத் தெரியும். தூங்கினா ஒடம்பு சண்டை போடும்” என்றார். சாமியாரைக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் நான் சொல்ல முடியும்: அந்தக் காலையில் எனக்குப் பயம் போனது. காய்ச்சல் அதற்குப் பிறகுதான் போனது.

பிழைப்பதும் ஒரு வியாதிதான், யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. பசி. அப்படி ஒரு பசியை நான் பட்டதில்லை. தெருவில் யார் வீட்டிலோ கருவாடு வறுத்தால் எனக்கு உடம்பெல்லாம் வாயாக மாறும். கட்டித் தீனி தின்றால் குடல் கிழியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே கஞ்சித் தண்ணீர், மறுபடியும் கஞ்சித் தண்ணீர். அண்ணி ஒரு பிஸ்கோத்துக்கூட என் கண்ணில் படாமல் பூட்டிவைத்தார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு மறுபடியும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருந்தது.

தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, மொட்டையடித்தார்கள். கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் நடக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரிப் பழகினேன். வலது காது கேட்காமல் போயிருந்தது. கொய்னாவோ காய்ச்சலோ, இரண்டில் ஒன்று எடுத்துக்கொண்டது. திரும்பி வராது என்றார் டாக்டர்.

ஒரு வழியாக ரீட்டாவைக் கொண்டுவந்தார்கள். மொட்டைத் தலையும் எலும்புமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து வீறிட்டு அழுது பிலோமினாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழும்போது வாயைத் திறந்தாளே, அப்போது மேலே இரண்டு பல் தெரிந்தது. அவள் அழட்டும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணியை அப்புறம் ஒரு நாள் கேட்டேன், வாசலில் நின்றாவது ஏன் காட்டவில்லை என்று. “சாகப்போறவ புள்ளையப் பாத்துட்டா உசுரு பிரியாம இழுத்துக்கினு கிடக்கும்னு சொல்லுவாங்க லூர்து. நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான்” என்றார். பாசத்தில்தான் செய்தார். அவர் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

இதோடு என் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் கோயில் பங்கு ஜனங்களிடம் எனக்கு ஒரு புதுப் பட்டம் வந்துவிட்டது: அவஸ்தை வாங்கிப் பிழைத்தவள். கோயிலில் என்னை ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். சிலர் தொட்டுக்கூடப் பார்ப்பார்கள். ஒரு வருஷம் கழித்து, அடையாறு ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதலேனம்மா என்ற அம்மாள் வந்து என் வாசலில் நின்றாள். மகள் தெரேசாவுக்குப் பிரசவக் காய்ச்சல் (பேறுக்குப் பின் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து வருவது). ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

“யம்மா, சாமியார இட்டாந்தா, உள்ள வுடாதன்னு கத்துறா. வந்தா செத்துடுவேன்றா. நீ அத்த வாங்கிட்டு நடமாடிக்கினுதானே கீற. நீ வந்து அவ கண்ணுல பட்டாப் போதும்.”

போக மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த மேஜையை, அந்தப் பஞ்சை மறுபடியும் பார்க்க என்னால் முடியாது. அதுவும் நான் பிழைத்ததைக் காட்டி இன்னொருத்தியை எப்படி நம்பவைப்பது? அவள் பிழைக்காவிட்டால்? என் கணவரும் “வேணாம் லூர்து, உனக்கே ஒடம்பு இன்னும் தேறல” என்றார். ஆனால் மதலேனம்மா வாசலைவிட்டு நகரவில்லை. ரிக்‌ஷாவில் பாலத்தைத் தாண்டும்போது ஆறு கீழே கிடந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டு போனேன்.

அது கூரைவீடு. தெரேசா பாயில் கிடந்தாள். இருபது வயதுகூட இருக்காது. கண் பளபளவென்று இருந்தது; அந்தப் பளபளப்பு என்னவென்று எனக்குத் தெரியும். என்னைக் காட்டி, இவங்கதான் என்றாள் மதலேனம்மா. தெரேசா என் முகத்தையும், காதோரம் வளர்ந்து வந்த குட்டை முடியையும் பார்த்தாள்.

“இன்னா ஜெபம் சொன்னீங்கக்கா? அத்த எனக்கும் சொல்லிக் குடுங்க.”

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். ஏதாவது ஒரு அர்ச்சியசிஷ்டவர் (புனிதர்) பெயரைச் சொல்லி ஒரு ஜெபத்தைச் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் எல்லாரும் அதை நம்பியிருப்பார்கள். என்னால் முடியவில்லை.

“நான் ஒண்ணும் சொல்லல தெரேசா. எனக்குப் பயத்துல வார்த்தையே வரல. சுத்தி இருந்தவங்கதான் சொன்னாங்க.”

அவள் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. “எனக்கும் வரமாட்டேன்து” என்றாள். பிறகு அம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வலது பக்கம் பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. இடது காதைக் கொடுத்தேன்.

“என் கொயந்த உசுரோட கீதாக்கா?”

நான் எழுந்தேன். குழந்தை எங்கே என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் பால் கொடுக்க வைத்திருக்கிறார்கள் என்றாள் மதலேனம்மா. போனேன். துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன். வாசலில் இரண்டு கிழவிகள் கையைக் குறுக்கே நீட்டினார்கள். “இன்னாம்மா பண்ற? புள்ளையப் பாத்தா உசுரு போவாம இழுத்துக்கினு கெடக்கும்.”

“இழுத்துக்கினு கெடக்கட்டும். அதுக்குத்தானே எல்லாரும் முட்டி போட்டு ஜெபம் பண்றோம்” என்றேன்.

கையை எடுத்தார்கள். வாசற்படியிலேயே நின்று குழந்தையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். அது கொட்டாவி விட்டது. தெரேசா தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

“மூக்கு அவுரு மாதிரியே கீது” என்றாள். பிறகு தலையைப் பாயில் வைத்து, “யம்மா, சாமியார வரச் சொல்லு” என்றாள்.

சாமியார் வந்து எண்ணெய் பூசும்போது நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொதித்தது. சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள், கத்தவில்லை. அவள் பிழைக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டாள். நான் அப்போது வகுப்பில் இருந்தேன். குழந்தை மதலேனம்மாவிடம் வளர்கிறது.

அதற்குப் பிறகும் கூப்பிடுகிறார்கள். சிலர் பிழைக்கிறார்கள், சிலர் போகிறார்கள். இப்போது சீமையில் இந்தக் காய்ச்சலுக்குப் புது மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். வரட்டும், சீக்கிரம் வரட்டும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது; போய் உட்கார்ந்ததும் அந்தப் பயத்தை அவர்களிடம் மறைப்பதில்லை. நாளைக்குச் செய்யலாம் என்று நான் எதையும் வைப்பதில்லை. எனக்கு இருக்கிறதெல்லாம் இன்றைக்குத்தான், அதுவும் பாதி உடம்போடு.

வியாதிக்கு முன்னால் நான் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒருக்களித்துப் படுப்பேன். இப்போது கேட்கிற காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் உலகமே அடங்கிவிடும். கடல்கூடக் கேட்காது, நிம்மதியாகத் தூங்கலாம். நான் செவிட்டுக் காதைத்தான் கீழே வைத்துப் படுக்கிறேன். யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும்.